குத்தாத தம்பி, விடு

வடபழனியில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு மருந்துக் கடை, ஒரு டெய்லர் கடை, மூன்றுக்கும் மேலே நீளமாக ஒரு ஹால் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் ஏற முடியும் என்கிற அளவுக்குக் குறுகலான படி. மேலே போனால் இரண்டு பன்னிரண்டடி ஸ்னூக்கர் மேசைகள், அவற்றுக்கு ராஜ மரியாதை. கடைசியில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில், ஒரு எட்டடி பூல் மேசை. ஸ்னூக்கர் மேசையைத் தொட எங்களுக்குத் தைரியம் கிடையாது, மணிக்கு வாங்கும் காசும் அதிகம். அதனால் பூல்: ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் ஆட்டம். நான் இந்த விளையாட்டுக்குள் வந்த கதை இவ்வளவுதான்.

அங்கே மார்க்கராக இருந்த அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மார்க்கர் என்றால் ஸ்கோர் குறிப்பவர் என்றுதான் பொருள். ஆனால் பந்து அடுக்குவது, துணிக்கு பிரஷ் போடுவது, ஸ்டிக் நுனியிலிருந்து கழன்ற தோல் டிப்பை ஒட்டுவது, சண்டை விலக்குவது, யாருக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று நோட்டில் எழுதுவது எல்லாமே அவர்தான். முதல் ஒரு மாதம் என்னை 'சார்' என்றே கூப்பிட்டார். ஒரு நாள், இரண்டடி தூரத்தில் நேராக நின்ற பந்தை நான் தவறவிட்டபோது, நோட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "கேரம் ஆடுற ஆளா நீ?"

ஆமாம் என்றேன்.

"அதான். குத்தாத தம்பி, விடு."

சாரிலிருந்து தம்பிக்கு இறங்கிய அந்த நிமிஷத்தில்தான் என் பாடம் தொடங்கியது. அந்த 'விடு' புரிய எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. நடுவில் ஒரு எலும்பும் உடைய வேண்டியிருந்தது.

சென்னையில் வளர்ந்துவிட்டுக் கேரம் ஆடாமல் தப்பித்தவர்கள் குறைவு. இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்த 1996இல் எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை ஒரு மரிய இருதயம் உட்கார்ந்திருந்தார். அதில் நானும் ஒருத்தன். சனி ஞாயிறு முழுக்க போரிக் பவுடர் கையோடுதான் சாப்பாடு.

கேரம் விரலில் ஆடும் ஆட்டம். ஆடுதளம் 29 அங்குலச் சதுரம், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். விரலை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்துச் சுண்டுகிறோம். வேகம் முழுக்க அந்தக் கடைசி அரை அங்குலத்தில் பிறக்கிறது. பூலில் ஒவ்வொரு பந்தும் 57 மில்லிமீட்டர் விட்டம், 160, 170 கிராம் எடை. ஸ்டிக் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு கனமான கம்பு தன் போக்கில் முன்னால் வந்தாலே பந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். நான் என்ன செய்தேன் என்றால், மெதுவாகப் பின்னால் இழுத்து, மெதுவாக முன்னால் கொண்டுவந்து, பந்துக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டினேன். அதே கேரம் சுண்டல்தான், கையில் கம்பு மட்டும் புதிது.

அந்த வெட்டில் டிப் ஒரு நூல் வலப்பக்கம் நகரும். ஒரு நூலில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் இடையில் மூன்றடி, அங்கிருந்து பாக்கெட்டுக்கு மூன்றடி, எல்லாம் ஒரே கோட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை கால் டிகிரி விலகினால் மூன்றடி போவதற்குள் 4 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்த 4 மில்லிமீட்டர், அடி வாங்கிய பந்தில் 4 டிகிரியாக மாறும். அது இன்னும் மூன்றடி உருண்டு போய்ச் சேரும்போது 6 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். மூலைப் பாக்கெட்டின் வாய் பதினொன்றோ பன்னிரண்டோ சென்டிமீட்டர். பந்துக்கே கிட்டத்தட்ட ஆறு போய்விட்டால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்றுதான் மிச்சம். கால் டிகிரிக்கே இந்தக் கதி என்றால், மணிக்கட்டால் வெட்டுகிறவன் கதியைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் கட்சி, மேசை சாய்ந்திருக்கிறது என்பது. அண்ணன் மறுத்துப் பேசவில்லை. பந்துகளைக் கையால் ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் இந்தப் பக்கத்துப் புள்ளியில் வைத்தார். "நேரா அடி. அந்தக் குஷன்ல பட்டுத் திரும்பி வந்து உன் டிப்புல முட்டணும். அவ்ளோதான்."

அடித்தேன். எதிர்ப் பக்க ரப்பர் விளிம்பில், அதாவது குஷனில், பட்டுத் திரும்பி வந்த வெள்ளை என் டிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனது. மறுபடி அடித்தேன், அதே பக்கம். பத்து முறை அடித்திருப்பேன், பத்தும் வலப்பக்கம். "பாத்தீங்களாண்ணே, சாயுது" என்றேன். அவர் ஸ்டாண்டில் கைக்கு வந்த ஒரு ஸ்டிக்கை உருவினார். டிப் பாதி தேய்ந்த ஸ்டிக். வாயில் பாக்கு. குனிந்ததுகூட அரைகுறைதான். வெள்ளை போனது, வந்தது, டிப்பில் 'டொக்' என்று முட்டி நின்றது.

"டேபிள் சாயல. நீ சாயுற."

இன்றைக்கும் பூல் ஆடத் தொடங்குகிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். போகும்போது வெள்ளை நேராகப் போவதுபோலத்தான் தெரியும். குஷனில் பட்ட பிறகுதான், நாம் தெரியாமல் கொடுத்த சைடு தன் வேலையைக் காட்டும். (எங்கள் பக்கம் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றினால் சைடு, பின்னால் இழுத்தால் ஸ்க்ரூ. எல்லாம் ஸ்னூக்கர் வழியாக வந்த பிரிட்டிஷ் பேச்சு. அந்த விளையாட்டின் பழைய விதிகள் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை என்பதால் நமக்கும் அதில் கொஞ்சம் உரிமை உண்டு. அமெரிக்கர்கள் சைடை 'இங்கிலிஷ்' என்கிறார்கள். இங்கிலாந்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

அண்ணன் சொன்னபடி தினமும் நூறு முறை வெள்ளையை அனுப்பி வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் யூட்யூபுக்குப் போனேன்.

அங்கே எஃப்ரென் ரெயஸ் கிடைத்தார். பிலிப்பைன்ஸ்காரர், பட்டப்பெயரே மந்திரவாதி. 1999இல் நைன்பால் என்கிற பூல் வகையில் உலக சாம்பியன். சின்ன வயதில் மணிலாவில் மாமாவின் பூல் ஹாலில் வளர்ந்தவர், இரவில் மேசை மேலேயே படுத்துத் தூங்கியவர். அவருடைய கை ஆடுவதைப் பார்த்தால் தூளி ஆட்டுகிற மாதிரி இருக்கும். அவருடைய நாட்டுக்காரரும் வயதில் இளையவருமான பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே இன்னும் ஒரு படி மேலே. குனிந்து குறி பார்க்கும்போது டிப்பை வெள்ளையின் அடியில், துணியை ஒட்டி வைத்திருப்பார். நீளமாக இரண்டு மூன்று முறை வீசிவிட்டு, கடைசியில் அடிப்பது வேறு எங்கோ. பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். பந்து மட்டும் பாக்கெட்டுக்குப் போய்விடும்.

நானும் தூளி ஆட்டினேன். ஸ்டிக்கைத் தாங்க மேசையில் ஊன்றும் ப்ரிட்ஜ் கையிலிருந்து வெள்ளைக்கு ஒரு முழம் தூரம் வைத்து, தோளிலிருந்து வீசி. பாக்கெட் வாயில் உட்கார்ந்திருந்த பந்தைக்கூட விட்டேன். மூன்று மாதம் கழித்து மனம் வெறுத்து எதிர்த் திசையில் ஓடினேன். பயிற்சியாளர்கள் சொல்லும் பாடப்புத்தக ஸ்ட்ரோக்: தோள் அசையக் கூடாது, முழங்கை அசையக் கூடாது, முன்கை மட்டும் கடிகார ஊசல் மாதிரி ஆட வேண்டும், மோவாய் ஸ்டிக்கைத் தொட வேண்டும்.

மோவாயில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்குக் கண்ணாடி, மைனஸ் நாலு. மோவாய் ஸ்டிக்கைத் தொடும் அளவுக்குக் குனிந்தால் பார்வை கண்ணாடியின் மேல் விளிம்புக்குப் போய்விடும். அடிக்க வேண்டிய பந்தின் நடுவில் ஃப்ரேமின் கறுப்புக் கோடு. கொஞ்சம் மேலே பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் பஞ்சு பஞ்சாக. ஸ்னூக்கரில் டென்னிஸ் டெய்லர் 1985 உலக சாம்பியன்ஷிப்பில் கடைசி ஆட்டத்தின் கடைசிக் கறுப்புப் பந்தைப் போட்டு ஸ்டீவ் டேவிஸை 18–17 என்று ஜெயித்தாரே, அந்த இறுதிப் போட்டியின் படங்களைப் பார்த்தால் அவருடைய கண்ணாடி தலைகீழாக மாட்டியது போல நெற்றி வரை ஏறியிருக்கும். இதே தொல்லைக்காகச் செய்யப்பட்ட கண்ணாடி அது. அந்தப் படத்தை எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டி இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார்.

சரி, மோவாய் வேண்டாம் என்று நிமிர்ந்தே நின்றேன். ஸ்டிக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பார்த்தவர்கள் எல்லாம் "குனிங்க பாஸ்" என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வில்லி ஹாப்பி பற்றிப் படித்தேன். அமெரிக்கர். பாக்கெட் இல்லாத பில்லியர்ட்ஸில் 1906க்கும் 1952க்கும் இடையில் 51 உலகப் பட்டங்கள் அவர் கணக்கில் வைக்கப்படுகின்றன. அவருடைய ஸ்ட்ரோக் கோணல். முழங்கை உடம்பை விட்டு வெளியே போய், கை பக்கவாட்டில் வீசும். காரணம், அவர் தன் அப்பாவின் ஹோட்டலில் ஆடக் கற்றபோது மேசை உயரத்துக்கு எட்டாத பொடியன். பெட்டி மேல் நின்று ஆடினார். கையைத் தொங்கவிட இடமில்லை, அதனால் வெளியே தள்ளி வீசினார். வளர்ந்த பிறகும் அது அப்படியே தங்கிவிட்டது. ரெயஸும் உயரம் போதாமல் கோகோ கோலா பெட்டிகளை மேசையைச் சுற்றி நகர்த்தி நகர்த்தி அதன் மேல் நின்று ஆடியவர்தான்.

இதைப் படித்ததும் எனக்கு ஏக சந்தோஷம். கோணல் என் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார். எந்தப் பார்லரிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள், தன் குறைக்கு ஸ்டைல் என்று பெயர் வைத்துக்கொண்டு. வசதியாக நான் மறந்தது, ஹாப்பியின் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கோணியது என்பதை. என் கை காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. வெள்ளையை அனுப்பித் திரும்ப வாங்கும் பரீட்சையில் நான் இன்னும் ஃபெயில்தான்.

அந்த வருஷம் டிசம்பர் மழையில், தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் இருப்பது தெரியாமல் பைக்கை விட்டேன். வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பத்தாவது நாள் பார்லருக்குப் போய்விட்டேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். பூல் மேசை காலியாக இருந்தது, மழைக்கு யாரும் வரவில்லை. அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தக் கைய டேபிள்ல வெச்சு இந்தக் கையால ஆடு" என்றார்.

வைத்தேன். மாவுக்கட்டு உள்ளங்கையில் பாதி வரை இருந்தது, விரல்கள் வெளியே. கட்டை விரலை லேசாகத் தூக்கினால் ஆள்காட்டி விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பள்ளம், அதில் ஸ்டிக் உட்கார்ந்துகொண்டது. கல்லில் வெட்டிய மாதிரி அசையாத ப்ரிட்ஜ். அப்படியொரு ப்ரிட்ஜ் எனக்கு அதற்குப் பிறகு அமையவே இல்லை. இடது கைதான் பாவம். முதல் நாள் டிப் வழுக்கி வெள்ளை மேசையை விட்டே ஓடியது. ஸ்டிக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, எவ்வளவு பின்னால் இழுப்பது, ஒன்றும் தெரியாது. வேகமாக அடிக்கத் தெம்பும் இல்லை. மெல்லப் பின்னால் கொண்டுபோய், அங்கே ஒரு நொடி பயந்து நின்று, அப்புறம் கம்பின் கனத்தை முன்னால் போகவிட்டேன். அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரிந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வெறுமனே வெள்ளையைப் புள்ளியில் வைத்து அனுப்பிப் பார்த்தேன். போனது. வந்தது. டிப்பின் ஓரத்தில் முட்டியது. தற்செயல் என்று மறுபடி அனுப்பினேன். ஒரு விரல்கடைதான் விலகல். மூன்றாவது, மறுபடி டிப்பில்.

அண்ணன் ஸ்னூக்கர் மேசைக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "அந்தக் கைக்குக் கேரம் தெரியாதுல்ல."

கட்டு பிரித்த பிறகு வலது மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இருந்தது. சுண்டலாம் என்று நினைத்தாலும் சுண்ட முடியாது. அது நல்லதாகப் போயிற்று. இடது கை செய்ததை வலது கைக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு மாதம் கிடைத்தது. ப்ரிட்ஜிலிருந்து வெள்ளைக்கு ஏழு அங்குலம், அதற்கு மேல் இல்லை. பின்கை விரல்களில் ஸ்டிக் தொங்குகிற மாதிரிப் பிடி, சுண்டு விரல் சும்மா. பின்னால் போய் ஒரு நிற்பு. அந்த நிற்பு இடது கையின் பயத்திலிருந்து வந்தது, நான் அப்படியே வைத்துக்கொண்டேன். நிமிர்ந்த நிலையும் கண்ணாடிக்காக அப்படியே தங்கியது. எனக்குக் குறி பார்ப்பதில் இடது கண்தான் முந்தும் என்பதால் ஸ்டிக் மோவாயின் நடுவில் வராமல் கொஞ்சம் இடப்பக்கமாக வரும். முன்னால் கோணல் என்று திருத்திக்கொண்டே இருந்த விஷயம் அது. திருத்துவதை நிறுத்தினேன்.

அடித்த பிறகு ஸ்டிக் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒரு பழைய சண்டை உண்டு. டிப்பும் வெள்ளையும் ஒட்டியிருப்பது சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி. அதற்குப் பிறகு ஸ்டிக் மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன, பந்துக்குத் தெரியாது. ஆனாலும் ஸ்டிக் முன்னால் போக விடச் சொல்கிறார்கள். ஏனென்றால் பந்தைத் தொட்டவுடன் கம்பு நிற்க வேண்டும் என்றால், தொடுவதற்கு முன்பே கை பிரேக் போடத் தொடங்கியிருக்கும். காலி சோடா பாட்டிலை மேசையில் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் ஸ்டிக் கண்ணாடியைத் தொடாமல் போய் வரப் பழகினால் இது சீக்கிரம் சரியாகும். எங்கள் பார்லரில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. சென்னை வியர்வைக்கு ஸ்டிக் ப்ரிட்ஜ் கையில் பிசுபிசு என்று ஒட்டும், அதற்கு டால்கம் பவுடர். மறுபடி கேரம் வாசனை.

கஷ்டமான ஷாட் என்று எதைச் சொல்கிறோம்? பெரும்பாலும் பந்தில் கஷ்டம் இருக்காது. கை வைக்க இடம் இருக்காது, அல்லது குனிய இடம் இருக்காது. வழக்கமான ஸ்ட்ரோக்கில் பாதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டு மீதியை வைத்து ஆடு என்கிற மாதிரி.

வெள்ளை குஷனில் ஒட்டிக்கொண்டு நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதத்தில் இருக்கும், அதாவது நடுவுக்கு மேலே. அதனால் வெள்ளையின் மேல் பகுதியில் ஒரு பிறை மட்டும்தான் நமக்கு. எல்லோரும் செய்வது, பயத்தில் ஸ்டிக்கின் பின்பக்கத்தை உயரத் தூக்கி, அதே பயத்தில் ஓங்கி அடிப்பது. நான் உள்ளங்கையை மேசையின் மர விளிம்பில் அழுத்தி, ஸ்டிக்கை மரத்தின் மேல் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஓடவிடுவேன். பின்பக்கம் எவ்வளவு குறைவாகத் தூக்க முடியுமோ அவ்வளவு. பின்னால் இழுப்பது மூன்று நாலு அங்குலம் போதும். வேகம் வழக்கத்தில் பாதி, சைடு கிடையவே கிடையாது. வெள்ளை கண்டிப்பாக முன்சுழலோடு ஓடும், அதை நிறுத்த ஆசைப்படக் கூடாது. எங்கே ஓடும் என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

வெள்ளைக்குப் பின்னால் இன்னொரு பந்து ஒட்டி நிற்பது அடுத்த வகை. அதன் தலைக்கு மேலே எட்டி அடிக்க வேண்டும். நாலு விரல் நுனிகளையும் துணியில் ஊன்றி, கையைச் சிலந்தி மாதிரி நிறுத்தி, கட்டை விரலை உயர்த்திப் பள்ளம் செய்ய வேண்டும். ஸ்டிக் மேலிருந்து சாய்வாக இறங்கும். சாய்வாக இறங்கும் ஸ்டிக் ஒரு நூல் பக்கவாட்டில் பட்டாலும் வெள்ளை வளைந்து போகும். பூமி சுழல்வதால் காற்று விலகுவதற்கு யாருடைய பெயரை வைத்திருக்கிறார்களோ, அந்தப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோரியோலி 1835இல் பில்லியர்ட்ஸ் பந்தின் கணக்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார், இந்த வளைவு உட்பட. எனக்கு அதில் ஒரு சின்ன அதிர்ஷ்டம்: இந்த ஷாட்டில் யாராக இருந்தாலும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். பாடப்புத்தகக்காரர்களுக்கு அந்த இடம் புதிது, எனக்கு வீடு. கண்ணாடியின் நடுவில் பந்து பளிச்சென்று தெரியும்.

வெள்ளையும் அடிக்க வேண்டிய பந்தும் விரல் அகலம்கூட இல்லாமல் நெருங்கி நிற்கும் ஷாட்டில் நான் ஒரு போட்டியையே விட்டிருக்கிறேன். உள்ளூர்ப் போட்டிதான், எட்டாம் பந்தைக் கடைசியாகப் போட வேண்டிய எயிட்பால், அதில் கடைசி ஆட்டம். எட்டாம் பந்து பாக்கெட்டுக்கு நேராக ஒரு அடியில், வெள்ளை அதன் பின்னால், நடுவில் அரை அங்குலம் இருக்கும். இதை விட சுலபம் எது? என்னுடைய புது ஸ்ட்ரோக்கில், மென்மையாக, ஸ்டிக்கை முன்னால் விட்டேன். எட்டு உள்ளே போனது. நான் கையைத் தூக்குவதற்குள் எதிராளி தூக்கிவிட்டார். ஃபவுல். எட்டாம் பந்தை ஃபவுலோடு போட்டால் ஆட்டமே போய்விடும்.

பத்து நிமிஷம் சண்டை போட்டேன். தப்பு என்னுடையதுதான். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால் வெள்ளை தன் வேகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கணமாவது தயங்க வேண்டும். என் வெள்ளை எட்டாம் பந்தோடு கைகோத்துக்கொண்டு அதே வேகத்தில் போனது. அப்படிப் போனால், முன்னால் வந்துகொண்டிருந்த டிப் அதை இரண்டாவது முறை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி டிப்பில் தேய்க்கும் ஒரு சாக் கட்டியின் அகலத்துக்குக் குறைவு என்றால் நடுவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்ப்பது இதற்காகத்தான்.

மறுநாள் அண்ணனிடம் புலம்பினேன். அதே மாதிரி இரண்டு பந்துகளை வைத்தார். ஸ்டிக்கின் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கச் சொன்னார். "இப்போ சுண்டு" என்றார்.

"நீங்கதான குத்தாதன்னு சொன்னீங்க?"

"இதுக்கு மட்டும் குத்து."

ஒரு அங்குலம் போய் அங்கேயே சட்டென்று நிற்கிற குத்து. டிப் வெள்ளையைத் தொட்டது, திரும்பிவிட்டது. எட்டு உள்ளே, வெள்ளை இருந்த இடத்திலேயே. ஒரு கெட்ட பழக்கம் தனக்கான ஒரே ஒரு ஷாட்டைக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பந்துகள் ஒட்டியே நின்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், சாதாரணமாக அடிக்கலாம், அது ஃபவுல் இல்லை. பாதிச் சண்டைகள் இந்த வித்தியாசம் தெரியாமல் வருபவை.

அடிக்க வேண்டிய பந்து குஷனை ஒட்டி நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை பந்தையும் குஷனையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், தப்பினாலும் குஷனைத் துளி முன்னால் தொட்டதாகத் தப்ப வேண்டும். ஐம்பது முறை அடித்தால் வந்துவிடும்.

மறைந்த பந்துதான் பெரிய தலைவலி. எதிராளி வெள்ளையை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் வெளிநாட்டு வீடியோவில் குட்டி ஸ்டிக்கை எடுத்துத் தாவ விடுவார்கள். எங்கள் பார்லர் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: 'ஜம்ப் ஷாட் அடிக்கக் கூடாது. துணி கிழிந்தால் முழுத் தொகை வசூலிக்கப்படும்.' ஆகவே குஷனில் மோதித்தான் வர வேண்டும். இதில் எல்லோரும் பேசுவது 1995இல் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ரெயஸ் அடித்ததை. வெள்ளை இரண்டு குஷன்களில் மோதி 'இசட்' எழுத்து மாதிரி ஓடி, மறைந்திருந்த பந்தைப் போட்டது. நூறு முறை பார்த்திருப்பேன். எனக்கு ஒரு குஷன் போதும். மேசை விளிம்பில் இருக்கும் வைரப் புள்ளிகளை எண்ணி, போன கோணத்தில் திரும்பும் என்று கணக்குப் பண்ணி அடிப்பேன். ஓங்கி அடித்தால் கணக்கு தப்பும். வேகம் கூடக் கூடப் பந்து குஷனிலிருந்து நிமிர்ந்து வரும், எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடும். அதனால் இந்த ஷாட்டுக்கு எனக்கு ஒரே வேகம்தான், இடது கை தெம்பில்லாமல் அடித்த அந்த வேகம். மழை மாதங்களில் துணி ஈரம் குடித்து எல்லாவற்றையும் குழப்பும். ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாகத்தான் எண்ணுகிறேன்.

அந்த ஹால் இப்போது இல்லை. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நான் போகிற புது பார்லரில் ஏசி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கேட்டால் ரெஸ்ட் குச்சியும் கொடுப்பார்கள். கைக்கு எட்டாத பந்துக்கு அந்தக் குச்சியை வைத்து அடிக்கலாம். நான் எடுப்பதில்லை, ஸ்டிக்கைக் கை மாற்றிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையனோடு ஆடினேன். தோற்றவன் டேபிள் காசு கொடுக்க வேண்டும் என்று பேச்சு. எனக்கு எட்டாம் பந்து மட்டும் பாக்கி, அவனுக்கும் அதுவேதான். வெள்ளை மேசைக்கு நடுவில், வலது கையால் எட்டினால் ஒரு காலை மேசை மேல் போட வேண்டும். யோசிக்காமல் ஸ்டிக்கை மாற்றிப் பிடித்துக் குனிந்தேன். பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணா, நீங்க லெஃப்டா ரைட்டா?" என்றான் பையன்.

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடியில் கை தானாக ஒரு சுண்டு சுண்டியது. எட்டாம் பந்து பாக்கெட் வாயில் இரண்டு பக்கமும் தட்டி நின்றது. பையன் அதைத் தள்ளிவிட்டு, கவுண்டரைப் பார்த்துக் கையைக் காட்டினான். நாற்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரமாகத்தான் கணக்குப் போடுவார்களாம்.